எழுத்து ஒன்று, பெயர் வேறு

தேசப்படத்தில் அச்சேறிவிட்ட பெயரைச் சந்தேகிப்பவர் அரிது. மலைக்கும் நதிக்கும் பிரமதேவனே நாமகரணம் செய்து அனுப்பிவிட்டதுபோல் நாம் அவற்றை மனனம் செய்கிறோம். ஆனால், படம் வரைகிறவனும் மனிதன்தானே!

ஸைபீரியாவின் வடக்கே, தைமீர் என்ற தீபகற்பம் ஆர்க்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கிறது. ருஷ்ய அரசாங்கத்தார் 1733-ம் வருஷம் ஆரம்பித்த மாபெரும் வடதிசை ஆராய்ச்சியில், இதன் கீழ்க்கரையை அளந்து படமாக்கும் பொறுப்பு வஸீலி ப்ரான்சிஷ்சேவ் என்னும் கடற்படை உத்தியோகஸ்தரிடம் விடப்பட்டது. 1735-ல் 'யாகூத்ஸ்க்' என்ற கப்பலில் அவர் லேனா நதி வழியே புறப்பட்டபோது, அவருடைய மனைவியும் உடன் சென்றாள். மறு வருஷக் கோடையில் வட அட்சரேகை 77 டிகிரியையும் தாண்டினார்கள். அதற்கு மேல் பனிக்கட்டி வழிவிடவில்லை. திரும்பும் பிரயாணத்தின் முடிவில் கணவர் இறந்தார். இரண்டே வாரத்தில் மனைவியும் பின்தொடர்ந்தாள். ஓலென்யோக் நதியின் முகத்துவாரத்தில் இருவரையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள்.

அதே கப்பலில் மாலுமியாயிருந்த செல்யூஸ்கின் சோர்ந்து விடவில்லை. 1742-ல், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் கரையோரமாகவே சென்று, ஆசியாக் கண்டத்தின் வடகோடி முனையை அடைந்தார். கப்பலுக்கு இணங்காத முனை நாய்களுக்கு இணங்கியது! அவரோ, அதைக் கிழக்கு வடமுனை என்று குறித்ததோடு நின்றார். 'செல்யூஸ்கின் முனை' என்பது, அடுத்த நூற்றாண்டினர் அவருக்குச் செலுத்திய நன்றி.

அந்த அம்மாளுக்கும் நன்றி செலுத்த முற்பட்டார்கள். 1913-ல் அக்கரையை அளந்த ருஷ்யர்கள், ஒரு முனைக்கு அவளுடைய குடும்பப் பெயரை இட்டார்கள். ருஷ்ய பாஷையில் முனையைக் குறிக்கும் சொல் 'ம'கர வரிசையில் தொடங்குவது. படத்தில் இடம் குறைவல்லவா? அந்த முதல் எழுத்தை மட்டும் பெயருக்கு முன்னால் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதை அம்மாளின் பெயருக்கு முதலெழுத்து என்று கொண்டார்கள். 'மரியா' என்று விரித்தார்கள். பக்கத்திலிருந்த விரிகுடாவுக்கும் அதையே சூட்டினார்கள். 1980-களில் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அவள் பெயர் தத்தியானா என்று தெரிய வந்தது.

அளப்பதற்காக உயிரைக் கொடுத்தார்கள் முன்னோர். அவர்கள் அளந்த கரை பெரிதும் பிசகவில்லை. அவர்களை நினைவு கூர வந்தவர்களோ, ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டறியும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஞாபகச் சின்னம் எழுப்புகிறவர்கள் எந்த தேசத்தில் இருந்தாலும் இதைச் சற்று நினைவில் வைப்பது நலம்.