பாராளுமன்றத்தில் கை உயர்ந்தால் போதாது, பட்டியலில் எங்கள் பெயரும் இருக்க வேண்டும்

 

டித்வா புயலுக்குப் பிறகு, 2025 டிசம்பரில், பாராளுமன்றம் 500 பில்லியன் ரூபாவுக்கு (50,000 கோடி) குறைநிரப்பு மதிப்பீடு ஒன்றை நிறைவேற்றியது. அதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு. "காசு வந்திட்டுது, விதானையார்தான் தரேல்ல" என்கிறார்கள் சிலர். "எல்லாம் கண்துடைப்பு" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் சரியில்லை என்பது எங்கள் கருத்து. காசு எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால்தான், எந்தக் கதவைத் தட்டுவது என்றும் தெரியும். குடியியற் கல்விப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்திடம் இருக்கிறது. திரட்டு நிதியத்திலிருந்து காசு எடுக்க வேண்டுமென்றால் சட்ட அனுமதி வேண்டும். வருடாவருடம் ஒதுக்கீட்டுச் சட்டம்தான் அந்த அனுமதியைத் தருகிறது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் நவம்பர் 7ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்டது. புயல் கரையைத் தொட்டது நவம்பர் 28இல். நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. அதாவது, கணக்கு எழுதிய பிறகுதான் வெள்ளம் வந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில் அரசாங்கத்துக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே திறைசேரியிடம் விட்டுவைத்த தொகையிலிருந்து அமைச்சுகளுக்குக் கொடுப்பது. இதற்கு முன்கூட்டிய வாக்கெடுப்பு இல்லை. பிறகு பாராளுமன்றத்துக்கு அறிவித்தால் சரி.

இரண்டு, குறைநிரப்பு மதிப்பீடு. இது சட்டமூலம் அல்ல, ஒரு பிரேரணை. அமைச்சரவை அனுமதித்த பிறகு அமைச்சர் சபையில் முன்வைப்பார். எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு என்று அதில் இருக்கும். விவாதம் நடக்கும். சாதாரண பெரும்பான்மை போதும். டிசம்பரில் நடந்தது இதுதான்.

மூன்று, ஒதுக்கீட்டுச் சட்டத்தையே திருத்துவது. வருடத்தின் கடன் வரம்பை மாற்ற வேண்டுமென்றால் இந்த வழியால்தான் போக வேண்டும். சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகி, முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு எல்லாம் தாண்டி, சபாநாயகர் சான்றுரைத்த பிறகே சட்டமாகும். யாராவது உயர் நீதிமன்றத்துக்குப் போகவும் இடம் உண்டு. 2022இல் பெற்றோல் வரிசையில் நாங்கள் நின்ற வருடம் இப்படித்தான் இடைக்கால வரவு செலவுத் திட்டம் வந்தது. செப்டம்பர் 2ஆம் திகதி ஆதரவாக 120, எதிராக 5 வாக்குகளுடன் அது நிறைவேறியது.

"எங்கட எம்.பி. ஏன் எங்களுக்கென்று ஒரு பிரேரணை கொண்டு வரேல்ல?" என்ற கேள்வியும் வருகிறது. 152ஆம் உறுப்புரைப்படி, அரச நிதியைச் செலவிடும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சரைத் தவிர யாரும் கொண்டுவர முடியாது. அதற்கும் அமைச்சரவையின் அனுமதி வேண்டும். எம்.பி. செய்யக்கூடியது வேறு. விவாதத்தில் பேசலாம், அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம், அரசாங்க நிதி பற்றிய குழுவில் எங்கள் விடயத்தை எழுப்பச் செய்யலாம். அதைச் செய்தாரா என்று கேட்பதுதான் நியாயமான கேள்வி.

அந்தப் பிரேரணையில் சோனகத் தெரு என்றோ, ஐந்து சந்தி என்றோ எழுதியிருக்காது. தலைப்பும் தொகையும்தான். தொகை மாவட்டச் செயலகத்துக்கு வந்து, பிரதேச செயலகத்துக்கு வந்து, கடைசியில் கிராம அலுவலரின் பட்டியலில் நிற்கிறது. வீடு துப்புரவாக்க 25,000 ரூபா, முழுதாக இடிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இந்த இரண்டும் வெறும் செய்திதான்.

எங்கள் சமூகத்துக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான். 1990 ஒக்டோபரில் இந்த ஊரை விட்டு விரட்டப்பட்ட எங்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்றும் பாதி புத்தளத்திலும் பாதி யாழ்ப்பாணத்திலுமாக வாழ்கின்றன. வாக்காளர் பதிவு அங்கே, வாடகை வீடு இங்கே. காணி இங்கே, பிள்ளையின் பாடசாலை அங்கே. இந்த முறை இரண்டு மாவட்டத்திலும் வெள்ளம். இங்கே கேட்டால் "உங்கட பதிவு அங்கே", அங்கே கேட்டால் "நீங்கள் இப்ப அங்கேதானே இருக்கிறீர்கள்" என்று சொல்லக்கூடிய நிலை. ஒரே குடும்பம் இரண்டு இடத்திலும் எடுப்பது அநியாயம், அதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் விடுபடுவதும் அநியாயம்தான்.

"அவசர நேரத்தில் கேள்வி கேட்டால் வேலை தாமதமாகும்" என்று சிலர் சொல்வார்கள். பாராளுமன்றம் அவசரமாக அனுமதித்தது சரிதான், மக்கள் முகாமில் இருந்தார்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு முன் அவகாசம் குறைவு என்றால், அதற்குப் பிறகான கண்காணிப்புத்தான் கூட இருக்க வேண்டும். பொதுப் பணம் அமானிதம். கொடுப்பவருக்கும் கணக்கு உண்டு, கேட்பவருக்கும் உண்டு.

ஆகவே நாங்கள் முன்வைப்பது இவ்வளவுதான்:

1. பள்ளிவாசல் நிர்வாகங்கள் யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் பேசி, இரண்டு பட்டியலிலும் விடுபட்ட குடும்பங்களின் ஒரே பட்டியலைத் தயாரிக்க வேண்டும். வாடகைக்கு இருப்போரையும் விதவைகளையும் முதலில் பாருங்கள்.

2. அதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு கணக்கில் வராது.

3. எங்கள் பிரிவுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுபட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

4. மாவட்ட எம்.பி.க்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்தப் பட்டியலின் பிரதி அவர்களுக்குப் போக வேண்டும்.

இந்த ஒதுக்கீடு 2026ஆம் ஆண்டுக்குரியது. டிசம்பர் 31க்குள் செலவாகாத காசு எங்களுக்காகக் காத்திருக்காது. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வாருங்கள், ஆசிரியர்கள் நாங்கள் இருந்து எழுதித் தருவோம், இன்ஷா அல்லாஹ். புத்தளத்தில் இருக்கும் உறவுகளுக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.