சிஸ்டம் ஸ்லோவா இருந்தா வயசைக் குறை சொல்லாதீங்க

"சிஸ்டம் ஆன் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வா, அதுக்குள்ள டெஸ்க்டாப் வந்துடும்." ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் வீட்ல யாராவது ஷூ கம்பெனியிலயோ ஜாப் ஒர்க் யூனிட்லயோ அக்கவுன்ட்ஸ் பார்த்தா, இந்த டயலாக் உங்களுக்குப் புதுசு இல்ல. டாலி, இ-வே பில், ஜிஎஸ்டி எல்லாமே அந்த ஒரே பழைய டெஸ்க்டாப்லதான். மாசம் 20-ம் தேதி நெருங்கும்போது அது ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் எடுத்தா, ஓனர் சொல்ற ஒரே முடிவு: "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்."

என் கருத்து நேரா சொல்றேன். பெரும்பாலும் அந்தப் புதுசு தேவையில்லை. தேவைப்படறது நம்மள மாதிரி ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்டோட அரை நாள்.

ஏன்னு கணக்குல பார்ப்போம். சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துது. அப்போ ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட். தேடற டேட்டா ஹெட்டுக்குக் கீழ வர சராசரியா அதுல பாதி, அதாவது 4 மில்லிசெகண்ட் காத்திருக்கணும். ஹெட் சரியான டிராக்குக்கு நகர இன்னும் ஒரு 8, 9 மில்லிசெகண்ட். ஆக ஒரு செகண்டுக்கு 80 சின்ன ரீட் பண்றதே பெரிசு. ஆனா விண்டோஸ் எழுந்திருக்கும்போது டிஸ்க்ல அங்கங்க சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்குது. ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையை செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை செய்யும், ஏன்னா அதுல சுத்தறதுக்கு எதுவுமே இல்ல.

சந்தேகமா இருந்தா, ஆன் ஆனதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. டிஸ்க் 100 சதவீதம் காட்டி, சிபியு சும்மா 15, 20-ல உட்கார்ந்திருந்தா, பிராசஸருக்கு வயசாகல. டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.

நம்ம ஊர் கட்டிங் செக்‌ஷன்ல தோல்ல ஒரு தழும்போ ஓட்டையோ இருந்தா முழுத் தோலையும் தூக்கி எறிய மாட்டாங்க. கோளாறு இருக்கிற இடத்தை விட்டுட்டு மீதியில பேட்டர்ன் வச்சு வெட்டுவாங்க. கம்ப்யூட்டருக்கும் அதே புத்திதான் வேணும்: முதல்ல கோளாறு எங்கேன்னு பாரு.

செலவே இல்லாத வேலையில இருந்து ஆரம்பிங்க. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் டேப். எந்த புரோகிராம் எவ்வளவு இழுக்குதுன்னு ஹை, மீடியம், லோன்னு அதுவே காட்டும். மீட்டிங் ஆப், அப்டேட்டர், எப்பவோ வாங்கின பிரின்டரோட ஹெல்பர் எல்லாத்தையும் டிஸேபிள் பண்ணுங்க. ஆன்டிவைரஸை மட்டும் தொடாதீங்க. இன்னொண்ணு: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா, விண்டோஸ்ல ஷட்டவுன் கொடுத்தாலும் கெர்னல் முழுசா மூடாது. அதோட நிலையை டிஸ்க்ல சேமிச்சு வச்சுக்கும். அதனால சிஸ்டம் விநோதமா நடந்துக்கிட்டா ரீஸ்டார்ட் கொடுங்க, அதுதான் உண்மையான புது ஆரம்பம்.

அடுத்தது எஸ்எஸ்டி. ஒரு ஜோடி நல்ல லெதர் ஷூ விலைக்குள்ள வேலை முடியும். மாத்தறதுக்கு முன்னாடி டாலி டேட்டாவை பென்டிரைவ்ல பேக்கப் எடுத்து, அது திறக்குதான்னு வேற ஒரு சிஸ்டத்துல போட்டுப் பாருங்க. இதுல அலட்சியம் வேண்டாம், அது ஒரு குடும்பத்தோட முழு வருஷக் கணக்கு.

செய்யக்கூடாததும் இருக்கு. ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டா பூட் டைம் குறையாது, சில நேரம் வேற ஏதாவது உடையும். எம்எஸ்கான்ஃபிக்ல "நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்"ஐ 4 ஆக்கினா வேகம் வரும்னு வீடியோ போடறாங்க. அது டெஸ்டிங்குக்காக கோர்களைக் குறைக்கிற ஆப்ஷன். விண்டோஸ் எப்படியும் எல்லா கோரையும் பயன்படுத்தும்.

"விண்டோஸ் 10 சப்போர்ட்தான் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சதே, இனி வேகம் வந்து என்ன?" நியாயமான கேள்வி. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-வும், இன்டெல்னா பொதுவா 8-வது தலைமுறை பிராசஸரும் கேக்கறாங்க. பேங்க், ஜிஎஸ்டி, டாலி ஓடற மெஷின் அதுக்குக் கீழ இருந்தா, மாத்திடுங்க. அங்க பாதுகாப்புதான் முதல். ஆனா ஸ்டோர்ல ஸ்டாக் எழுதற மெஷின், தம்பி தங்கச்சி படிக்கிற மெஷின் எல்லாம் லினக்ஸ்ல இன்னும் பல வருஷம் ஓடும். 2011-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப்லயே விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததே, அதை நம்மள்ல எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? லினக்ஸ்ல டெர்மினலைத் திறந்து "சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்"னு கமாண்ட் கொடுத்தா, எந்த சர்வீஸ் எத்தனை செகண்ட் தின்னுதுன்னு வரிசையா சொல்லும். ஓஎஸ் பேப்பருக்கு இதைவிட நல்ல லேப் கிடையாது.

இது பணத்தோட முடியற விஷயமும் இல்ல. பழைய போர்டுகளோட சாலிடர்ல ஈயம் இருக்கு. தூக்கிப் போட்ட சிபியு காயலான் கடைக்குப் போய், உடைச்சு எரிச்சா அது மண்ணுக்கும் தண்ணிக்கும்தான் போகும். தோல் கழிவு பாலாத்தை என்ன பண்ணுச்சுன்னு நம்ம தாத்தா பாட்டிக்குத் தெரியும். அந்த வழக்குலதான் 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட், மாசு பண்றவனே விலை கொடுக்கணும்னு சொன்னது. நாட்டோட சுற்றுச்சூழல் சட்டத்துக்கே பாடமான ஊர் நம்மது. அடுத்த கழிவை நாமளே உருவாக்கலாமா?

அதனால ஒரு வேண்டுகோள். இந்த செமஸ்டர் லீவுல, தெரிஞ்ச யூனிட்லயோ கடையிலயோ ஒரே ஒரு டெஸ்க்டாப்பை எடுங்க. பவர் பட்டன் அமுக்கினதுல இருந்து டாலி திறக்கற வரை ஸ்டாப்வாட்ச்ல ஓட்டி எழுதி வைங்க. வேலை முடிஞ்சதும் திரும்ப ஓட்டுங்க. ரெண்டு நம்பரையும் ஓனர்கிட்ட காட்டுங்க. புதுசு வாங்கறதா வேண்டாமான்னு அப்புறம் அவர் முடிவு பண்ணட்டும்.