குறி தவறினால் யார் பொறுப்பு?

வள்ளூர் அனல் மின் நிலையம் 1,500 மெகாவாட் மின்சாரம் தரவல்லது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை அதைக் காவல் காக்கிறது. உள்ளே மின் நிலையம், வெளியே ஊர். துப்பாக்கி ஏந்தி நிற்கும் அந்த இளைஞனுக்கு என்ன பயிற்சி தந்தீர்கள் என்று கேட்க ஊராருக்கு உரிமை உண்டு.

1962 சீனப் போரில் நம் ஜவான்கள் ஏந்தியது .303 ரைபிள். ஒவ்வொரு வேட்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். பயிற்சியும் அதற்கேற்பவே இருந்தது. தரையில் படுத்து, மூச்சை அடக்கி, தூரம் அறிந்த வட்டப் பலகையைச் சுடுவான் புதிய சிப்பாய். அடுத்து வந்த எஸ்.எல்.ஆரில் போல்ட்டை இழுக்கும் வேலை இல்லை. 1990-களில் வந்த இன்சாஸ், விசையை ஒருமுறை அழுத்தினால் மூன்று தோட்டாக்களையும் உமிழும். இராணுவத்துக்கென ஏ.கே.203 துப்பாக்கிகளை அமேதியில் செய்ய 2021-இல் ஒப்பந்தமாயிற்று.

துப்பாக்கி மாறியது போலப் பலகையும் மாறிற்று. வட்டப் பலகையைத் துளைத்தவன் போர்க்களத்தில் தடுமாறுகிறான் என்று கண்ட அமெரிக்கா, 1950-களிலேயே திடீரென எழுந்து மறையும் மனித உருவப் பலகைகளைக் கொண்டுவந்தது. இன்று தோட்டாவே இல்லாமல் திரையில் சுட்டுப் பழகும் கருவிகள் நம் நாட்டிலும் வந்துவிட்டன.

வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் நடந்தது என்ன? இதே படையினர் சுட்டுப் பழகிய வேளையில், வழிதவறிய தோட்டா 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. வீட்டில் இருந்த பிள்ளை! சில நாட்களில் அவன் மாண்டான். ரைபிள் தோட்டா 2 கிலோ மீட்டருக்கு அப்பாலும் பாயும் என்பது அதிகாரிகள் அறியாததா?

எனவே நாம் கேட்பது இரண்டே. சுடுதளம் ஒவ்வொன்றிலும் தோட்டாவைத் தடுக்கும் மேடு போதுமானதா, அதற்கு அப்பால் குடியிருப்பு உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். எப்போது சுடக்கூடாது என்பதையும் திரைக் கருவியில் பழக்கி, அதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

குறி பார்க்கக் கற்றவன் பாதி வீரன். குறிக்கு அப்பால் யார் நிற்கிறார் என்று பார்க்கக் கற்றவனே முழு வீரன். அந்த முழு வீரனே வள்ளூர் வாயிலில் நிற்க வேண்டும்.