உலர் குப்பையை எடுக்கும் உரிமை: மாநகராட்சி ஆணையருக்குக் கோரிக்கை மனு

வீடுகளில் பிரித்து வாங்கப்படும் உலர் குப்பை முழுவதும் ஒப்பந்த நிறுவனத்தின் வண்டியில் போய்விடுகிறது. தெருத்தெருவாகப் பொறுக்கி, காயலான் கடையில் போட்டுப் பிழைத்த குடும்பங்களின் வருமானம் அதனால் நின்றுபோயிற்று. முந்தைய மனுக்கள் அனைத்திலும் இதுவே விரிவாகச் சொல்லப்பட்டது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் எழுத்துப்பூர்வமான பதில் வராததால் மீண்டும் எழுத நேர்கிறது.

மனுதாரர், இம்மாநகரில் குப்பை சேகரித்துத் தரம் பிரித்து விற்போரின் சங்கம்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016-இல் 15ஆம் விதியின் ‘எச்’ பிரிவு, தரம் பிரிக்கப் போதிய இடவசதியுள்ள மையங்களை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்றது. காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி, துணி ஆகியவற்றை அந்த மையங்களிலோ குப்பை உருவாகும் இடத்திலோ குப்பை சேகரிப்போர் எளிதில் எடுக்க வழிசெய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவு. அவர்களின் அமைப்புகளை அங்கீகரித்து வீடுவீடாகச் சேகரிக்கும் பணியில் சேர்க்கச் சொன்னது ‘சி’ பிரிவு. இரண்டும் ஆணையருக்கு விருப்பத் தேர்வாகத் தரப்பட்டவை அல்ல. ஆனால் இங்கு மையத்தின் கதவு பூட்டியிருக்கிறது, சாவி ஒப்பந்ததாரரிடம்.

இழப்பு எங்கே நேர்கிறது என்பதற்கு ஒரு தண்ணீர் பாட்டிலே போதும். பாட்டில் ஒரு வகை பிளாஸ்டிக், மூடி வேறு வகை. மூடியைக் கழற்றி, லேபிளைக் கிழித்து, நிறவாரியாகப் பிரித்தால்தான் நல்ல விலை. அழுத்து லாரியில் குழம்பும் சோறும் சேர்ந்து நசுங்கிய பாட்டிலுக்கு அந்த விலை இல்லை. ஊறிய அட்டைக்கும் அதே கதி. பிரிக்கத் தெரிந்த கைகளை வெளியே நிறுத்திவிட்டு மறுசுழற்சியைப் பசுமை வளர்ச்சிக் கணக்கில் காட்டுவது விந்தையே.

குப்பை சேகரிப்போரிடமே இப்பணியை ஒப்படைப்பது நடைமுறையில் சாத்தியமா என்ற கேள்விக்குப் புனே பதில் சொல்லிவிட்டது. அங்கு 2008-இல் மாநகராட்சி, குப்பை சேகரிப்போருக்கே சொந்தமான ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்புடன் ஒப்பந்தம் செய்தது. உறுப்பினர்கள் வீடுவீடாகக் குப்பை வாங்குகிறார்கள். வீட்டார் தரும் கட்டணமும் உலர் குப்பை விற்ற பணமும் அவர்களுக்கே சேர்கின்றன. விதிகள் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

எனவே, உலர் குப்பையை எடுத்து விற்கும் உரிமையைச் சங்க உறுப்பினர்களுக்கு வழங்கி, ஒப்பந்தத்தில் அதற்குரிய ஷரத்து சேர்க்கப்பட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியட்டும் என்ற வாய்மொழி விளக்கம் ஏற்கத்தக்கதன்று; ஒப்பந்தம் விதிக்குக் கட்டுப்பட்டது.

மேலும், அடையாள அட்டை வழங்குதல், கையுறை மற்றும் காலணி வழங்குதல், மையங்களில் பெண்களுக்குக் கழிப்பறை அமைத்தல் ஆகியனவும் கோரப்படுகின்றன.

ஒவ்வொரு கோரிக்கையும் எந்த விதிப்பிரிவின்படி ஏற்கப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு, எழுத்துப்பூர்வமான பதில் வழங்கப்பட வேண்டும்.

இவண்,
செயலாளர்