கரண்டை வெட்டுவதில்லை, கதவைப் பூட்டுவதில்லை: வாடகை வீடுகள் பற்றிய எமது நிலைப்பாடு

வாடகை தராத குடியைக் கிளப்புவதற்குக் கரண்டை வெட்டலாமா, கதவுக்குப் பூட்டுப் போடலாமா? எமது ஊரில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வரிப்பத்தான்சேனையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் சேர்ந்த சங்கம் எமது சங்கம். எமது பதில்: கூடாது. எத்தனை மாத நிலுவை இருந்தாலும் கூடாது.

வீட்டுக்காரருடைய கஷ்டம் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண் பிள்ளைக்குப் போகிறது. உறுதி அவள் பேரில் இருக்கும். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். மாத வாடகையில்தான் பிள்ளைகளின் டியூஷன் காசும் மருந்துக் காசும் போகும். அந்தக் காசு மூன்று மாதம் வராவிட்டால் அவள் கடைக்காரனுக்குக் கடன்காரி ஆகிறாள். அவளுக்கு வரும் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் போடும் பூட்டு அவளுக்கே பாதகமாக முடியும்.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. காணி, வீட்டுப் பிணக்கினால் சமாதானம் கெடும் என்று கண்டால் பொலிஸ் அதன் கீழ் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். அப்படி அறிவித்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரைத் திரும்பவும் குடியமர்த்த நீதிமன்றம் கட்டளையிடலாம். அதாவது, நிலுவை வைத்தவர் நீதிமன்றக் கட்டளையோடு அதே வீட்டுக்குத் திரும்பி வருவார். வீட்டுச் சொந்தக்காரி வழக்குக்கு அலைவாள். வாடகை நிலுவை அப்படியே கிடக்கும்.

மார்க்கமும் இதில் எங்களுக்கு வழி சொல்லியிருக்கிறது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது சூறத்துல் பகறாவின் 280ஆம் வசனம். இரண்டு வசனம் தள்ளி 282இல், தவணைக் கடனைச் சாட்சிகளோடு எழுதி வைக்கும்படி வருகிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். பொறுமையும் பத்திரமும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் சொல்லப்பட்டிருக்க, எம்மில் பலர் பத்திரத்தை விட்டுவிட்டுப் பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பிறகு அதுவும் முடிந்து போகிறது.

எழுத்து விடயத்தில்தான் எமது ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட வேண்டும்; இல்லாவிட்டால் அது செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்திலிருந்து வருகிற விதி. கடையில் விற்கும் படிவத்தில் முத்திரை ஒட்டி, "இரண்டு வருடத்துக்கு" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, அதை நம்பி இருப்பவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு பிழையும் நடக்கிறது. உறுதி தங்கச்சியின் பேரில் இருக்கும், ஒப்பந்தத்தில் காக்கா கையெழுத்து வைப்பார். பிணக்கு வந்ததும் "எனக்கு வீடு தந்தவர் வேறு ஆள்" என்று குடியிருப்பவர் நிற்பார். உறுதி யார் பேரிலோ, அவரே ஒப்பமிட வேண்டும். குத்தகைக்குக் கொடுத்த வீட்டை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீட்பதற்கென்று 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அங்கே போனாலும் முதலில் கேட்பது ஒப்பந்தப் பத்திரத்தைத்தான்.

வாடகையை விடக் கரண்ட் பில்லில்தான் சண்டை அதிகம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏறியதிலிருந்து இது கூடிப் போயிற்று. பிறகு ஓரளவு குறைந்தாலும், பில்லைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் போகவில்லை. முன்வீட்டில் சொந்தக்காரர், பின்வீட்டில் வாடகைக்காரர், இருவருக்கும் ஒரே மீட்டர். தனித்தனியே 50 அலகு பாவித்தால் இருவருமே 60 அலகுக்குள் நிற்பார்கள். ஒரே மீட்டரில் அது 100 அலகாகிறது. 60ஐத் தாண்டியதும் முதல் அலகுக்கே கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடுகிறது. இரண்டு பேரும் கூடுதலாக ஒன்றும் பாவிக்கவில்லை, பில் மட்டும் ஏறிவிட்டது. "உங்கட ஃபிரிஜ்தான் இழுக்குது" என்று ஒருவர், "உங்கட மோட்டர்தான்" என்று மற்றவர். ஆகவே வாடகைக்கு விடும் வீட்டுக்குத் தனி மீட்டர் எடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று வைத்திருக்கிறோம். அது கிடைக்கும்வரை சப் மீட்டர் போட்டு, மாதா மாதம் இருவரும் சேர்ந்து நின்று வாசித்து, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

கூரை, சுவர், வயரிங், கிணறு, மலசலகூடக் குழி எல்லாம் வீட்டுக்காரர் செலவு. பைப் வாஷரும் பல்பும் குடியிருப்பவர் பார்த்துக்கொள்வார். மாரி தொடங்கினால் நிலத்தடி நீர் மேலே ஏறிக் குழி நிரம்பும், சீட் வெடிப்பால் ஒழுகும் என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். ஒக்டோபர் முடிவதற்குள் இவற்றைப் பார்த்து முடிக்காமல், டிசம்பர் மழையில் சட்டி வைத்துத் தண்ணீர் பிடிக்கும் குடும்பத்திடம் முழு வாடகை கேட்பது அநியாயம். பார்க்கப் போகும்போதும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். உள்ளே பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் சாவியோடு நுழைய யாருக்கும் உரிமை இல்லை.

முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வேண்டாம். ஒரு வருடக் காசை மொத்தமாகக் கேட்டு, வீட்டு வேலைக்குச் செலவழித்துவிட்டு, குடி எழும்பும்போது திருப்பிக் கொடுக்க முடியாமல் ஒளிந்து திரிகிற நிலை எமது ஆட்களுக்கு வரக் கூடாது.

வயல் வருமானத்தில் வாழும் குடும்பம் "ராத்தா, வெட்டு முடியட்டும்" என்று சொன்னால், அதை ஒரு தவணையாக ஏற்றுக்கொள்ளலாம் என்பது எமது முடிவு. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில். எந்தப் போகத்தில் எவ்வளவு என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும். தவணையும் தவறினால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை, சட்டத்தரணி தேவையில்லை. அங்கேயும் தீராவிட்டால்தான் நீதிமன்றம்.

ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்துப் பிள்ளைகளும் செத்தார்கள். அதன்பிறகு வெளியூர் ஆள் என்றாலே வீடு தரப் பயப்படுகிறார்கள். பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் 76ஆம் பிரிவின் கீழ் குடியிருப்போர் விபரம் கேட்டால் கொடுக்கிறோம், அடையாள அட்டைப் பிரதி வாங்குகிறோம், கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிக்கிறோம். அதற்கு மேல், மாற்றலாகி வரும் தமிழ் ஆசிரியைக்கோ சிங்கள உத்தியோகத்தருக்கோ ஊரையும் மதத்தையும் காரணம் காட்டி வீடு மறுப்பதை எமது சங்கம் ஏற்றுக்கொள்ளாது.

இந்த அறிக்கை எமது உறுப்பினர் எல்லோரையும் கட்டுப்படுத்தும். குடியிருப்பவர்களும் இதன் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கரண்டை வெட்டி, கதவைப் பூட்டி, சாமானை வெளியே போட்ட உறுப்பினர் ஒருவருக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ பொலிஸிலோ மத்தியஸ்த சபையிலோ பேசுவதற்கு எமது சங்கம் வராது. அவருடைய குடியிருப்பாளர் உதவி கேட்டு வந்தால் வரும்.