எண்ணெய்க்கு இருந்த இடைவெளி நமக்கு இல்லை

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் என்றால், யாருக்குக் குத்தகை என்பதுதான் எப்போதும் பேச்சு. நாம் சொல்ல வந்தது வேறு. வெள்ளைக்கார ஆட்சி அந்தத் தாங்கிகளை ஒட்டி ஒட்டிக் கட்டவில்லை. காட்டுக்குள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, விமானமொன்று தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது. அது நாட்கணக்கில் எரிந்தது. ஆனாலும் 99 தாங்கிகள் இன்றும் நிற்கின்றன.

அதே ஆட்சிக் காலத்தில் தோட்டத்தில் நமக்குக் கிடைத்தது லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. எண்ணெய்க்கு விட்ட இடைவெளியை ஆளுக்கு விடவில்லை. ஒரு காம்பிராவில் பிடித்த தீ முழு லயத்தையும் கொண்டுபோவது அதனால்தான். மறுநாள் பத்திரிகையில் 'மின் ஒழுக்கு' என்று ஒரு வரி வரும். இல்லையென்றால் அடுப்படியில் நின்ற பெண்ணின் கவனக்குறைவு என்பார்கள். விடியுமுன் எழுந்து, இஸ்தோப்பு மூலையில் ஈர விறகோடு போராடி, ரொட்டி சுட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறவளுக்கு இதற்கு மேல் என்ன கவனம் வேண்டும்? அவளுக்குக் குசினி என்று ஓர் அறை உண்டா என்பதை முதலில் கேட்கட்டும்.

நிர்வாகத்தைக் கேட்பது ஒரு பக்கம். இன்றிரவே நம் கையால் செய்யக்கூடியதும் இருக்கிறது.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற எண்ணெய் குளிர்பானப் போத்தலில் வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்ப் போத்தல்தான். எண்ணெயைத் தனி நிறக் கேனில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில், நெருப்புக்குத் தூரமாக வையுங்கள். தணிந்த விறகைத் தூண்ட எண்ணெய் ஊற்றவே வேண்டாம். ஊற்றுகிற கைக்கே தீ ஏறி வரும். பெற்றோல் கலந்த எண்ணெயென்றால் விளக்கே வெடிக்கும்.

விளக்கு என்றதும் ஒருவரைச் சொல்ல வேண்டும். குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, தடித்த கண்ணாடி விளக்கு ஒன்றை அமைத்தார். இரண்டு பக்கம் தட்டையானது என்பதால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி என்பதால் எண்ணெய் கொட்டாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சுட்டது ஏழை என்பதற்காக அவர் ஏழையைத் திட்டவில்லை, விளக்கை மாற்றினார். நம் நிர்வாகங்களுக்கு இந்தப் புத்தி எப்போது வருமோ!

எரிவாயுவுக்கு மாறிய வீடுகளும் 2021 கடைசியில் நாடெங்கும் நடந்த வெடிப்புகளை மறந்திருக்காது. சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவை மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று அரசாங்கம் நியமித்த குழுவே சொன்னது. அதற்கும் சமைத்தவள்தான் காரணமா? குழாய் இணைப்பில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. வாசனை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள்.

வன்செயல்களுக்குத் தப்பி மலையிலிருந்து வந்து திருகோணமலைப் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓலைக் குசினிக்கு ஒரு பொறி போதும். அடுப்பைக் காற்று மறைவில் வையுங்கள், படுக்குமுன் தணலில் தண்ணீர் தெளியுங்கள்.

தாச்சி எண்ணெய் தீப்பிடித்தால் மட்டும் தண்ணீர் கூடாது. தண்ணீர் அடியில் இறங்கி ஆவியாகி எரியும் எண்ணெயை மேலே வீசும். மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். உடம்பில் பட்டால் பற்பசையும் வேண்டாம், மையும் வேண்டாம். பீலித் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தோட்டத் தலைவர்களும் தலைவிமாரும் தங்கள் லயங்களில் எத்தனை வீட்டில் இஸ்தோப்பிலோ படுக்கும் காம்பிராவிலோ அடுப்பு எரிகிறது என்று எண்ணி எழுதி அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனிக் குசினியும் புகைபோக்கியும், ஒவ்வொரு லயத்துக்கும் மணல் வாளியும் தண்ணீர்ப் பீப்பாயும் கேட்கும் மனுவில் அந்தக் கணக்கை லய இலக்கத்தோடு சேர்ப்போம்.