கற்றுக்கொடுக்கும் கைக்குக் கூலி எங்கே?



ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் டோக்கியோவில் பணம் கட்டிச் சூஷி வகுப்பில் உட்காருகின்றன. ஒட்டும் பதமுள்ள அரிசியைச் சோறாக்கி, காடியும் சீனியும் உப்பும் கலந்து ஆற்றி, கடற்பாசித் தாளில் பரப்பி, நடுவே வெள்ளரித் துண்டை வைத்து, மூங்கில் பாயால் சுருட்டி வெட்டுவது. அவ்வளவுதான்! எட்டு வயதுப் பிள்ளையும் முதல் நாளே சுருட்டிவிடும்.

இது அரண்மனைப் பண்டமா? இல்லை. 1820-களில், எடோ என்று வழங்கிய அன்றைய டோக்கியோவின் தெருவோரக் கடைகளில் உழைப்பாளிகள் நின்றபடியே தின்ற பண்டம்தான் இன்றைய கைப்பிடிச் சூஷி. 2013-ல் ஜப்பானியர் தங்கள் உணவு மரபை யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏற்றிவிட்டார்கள்.

நம்மிடம் என்ன குறை? மரச்சீனியும் மீன்கறியும் இருக்கிறதே! திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் (1880-85) பரப்ப முனைந்த கிழங்கு அது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இந்த மண்ணின் ஏழை வயிற்றைக் காத்ததும் அதுதான். (சூஷிக்காரர்கள் நமக்குக் கிழங்கு தின்னக் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம்!)

கோவளத்திலும் பூவாரிலும் பயணிகளுக்கு நம் ஊர்ச் சமையலைச் செய்து காட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே வெள்ளைத் தொப்பி போட்டு முன்னால் நிற்பவர் யார்? பின்கட்டில் தேங்காய் அரைத்து, மீன் கழுவி, கிழங்கு உரிப்பவள் யார்? பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாடகை அறையில் குடியிருக்கும் நம் சகோதரி அல்லவா? அவளுக்குத் துப்புரவுக் கூலி. தொப்பிக்காரருக்கு ஆசிரியர் மரியாதை!

கேரள அரசு 2017-ல் பொறுப்புச் சுற்றுலா இயக்கத்தைத் தொடங்கியது. உள்ளூர் வீட்டுச் சமையலைப் பயணிக்குக் கொண்டுசெல்வதும் அதன் வேலைகளில் ஒன்று. வரவேற்கிறோம். ஆனால் வீடே இல்லாதவள் விருந்தாளியை எங்கே உட்கார வைப்பாள்? வீட்டுக்காரர் ஒரு பாய் கூடுதலாக விரித்தாலே முகம் சுளிக்கிறார்.

1956 நவம்பர் 1-ல் நான்கு தாலுகாக்கள் தமிழகம் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக் கல்லை நட்டார்கள்; அம்மியில் அரைக்கும் கை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. அந்தக் கைக்குத் தமிழனென்றும் மலையாளியென்றும் இரண்டு கூலி போடச் சம்மதிக்க மாட்டோம்.

“வெளிநாட்டானுக்கு வேடிக்கை காட்டவா சங்கம்?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். வேடிக்கை இப்போதே நடக்கிறது, தோழரே! அதன் வருமானம் யாருக்கு என்பதே நம் கேள்வி.

ஆகவே நாம் கேட்பது: பஞ்சாயத்துச் சமூகக்கூடத்தின் சமையலறையை வாரம் ஒரு நாள் நம் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். கற்றுக்கொடுப்பவளின் பெயர் பலகையில் இருக்கட்டும், கட்டணம் அவள் கையில் சேரட்டும். நம் பிள்ளைகளும் கட்டணமின்றி உட்காரட்டும். கடையில் வாங்கிய நூடுல்ஸ் பொட்டலத்தைத் தவிர வேறு சமையல் தெரியாமல் அவர்கள் வளர்ந்துவருகிறார்கள். மனுவை எழுதிவிட்டோம். அடுத்த கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட வீட்டுப் பெண்களோடு வாருங்கள்.